கார்டு பேங்கில் இருக்கிறது

ஜனவரி 22, வியாழன்

இந்த டைரி குப்பைத் தொட்டியில் கிடைத்தது. மருந்துக் கம்பெனிக்காரர் டாக்டரம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார், டாக்டரம்மா உறையைக்கூடப் பிரிக்காமல் தொட்டியில் போட்டிருக்கிறார். மஞ்சள் பையில் போட வேண்டிய கழிவும் இல்லை, சிவப்புப் பைக்கானதும் இல்லை. அதனால் என் பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நெஞ்செரிச்சல் மாத்திரையின் பெயர் அச்சடித்திருக்கிறது. எனக்குப் பொருத்தமான டைரிதான்.

பெயர் தமயந்தி. வயது நாற்பத்து நான்கு. அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை. பிளஸ் டூ பாஸ். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவள். அதை வைத்து இதுவரை சாதித்தது, வார்டு வாசலில் 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்' என்று எழுதி ஒட்டியது. அதையும் யாரும் படிப்பதில்லை.

நாளைக்கு மகள் வினோதினிக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். சம்பந்தி வீட்டில் இருபது பேர் வருவார்களாம். "கூடக் கொறைய இருக்கும்" என்று சம்பந்தியம்மா சொன்னார். கூடத்தான் இருக்கும். குறைந்து நான் பார்த்ததில்லை.

பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சோலையப்பன் அண்ணன் பத்தாயிரம் கொடுத்தார். பத்தாயிரம் என்பது பேச்சுக்கு. நூற்றுக்குப் பத்து வட்டி, அதை முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் வைத்தார். ஏழாம் தேதி சம்பளம் ஏறியதும் அவரே எடுத்துக்கொள்வார். அதற்காக என் ஏடிஎம் கார்டை வாங்கிக்கொண்டார். ரகசிய எண்ணை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி அதன் முதுகில் ஒட்டச் சொன்னார். அப்புறம் எழுதாத பத்திரம் ஒன்றில் ஒரு கையெழுத்து. எங்கள் வார்டில் அநேகமாக எல்லோர் கார்டும் அவருடைய சோப்பு டப்பாவுக்குள் ரப்பர் பேண்டு போட்டு இருக்கிறது. ஒரு மாதம்தான். அதன் பிறகு அந்தக் கடையில் ஜெராக்ஸ்கூட எடுக்க மாட்டேன்.

ஜனவரி 24, சனி

வளைகாப்பு நடந்தது. முப்பத்தெட்டுப் பேர். எலுமிச்சை சாதம் பத்தவில்லை.

ஜெபராணி விடியற்காலையிலேயே வந்து புளி கரைத்துவிட்டாள். ஒன்பது வருடமாக ஒரே ஷிப்ட், ஒரே வார்டு, மத்தியானம் துணி அடுக்கும் அறையில் ஒரே சமுக்காளம். அவள் மீன் குழம்பு எனக்கு, என் பொரியல் அவளுக்கு. புருஷன் போய் ஆறு வருடமாகிறது, பையன் ஆல்வினை ஒற்றை ஆளாக வளர்த்தவள். அதனால் என்னைப் போல ஓட்டைக் கை கிடையாது. பாத்திரம் கழுவும்போது கேட்டாள்: "காசுக்கு என்ன பண்ண தமயந்தி?"

"சேத்து வச்சிருந்தேன் ராணி."

அவள் நம்பவில்லை. ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிரசவத்துக்காக வினோதினி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்காரருக்குக் கல்யாண சீசனில் மட்டும்தான் வேலை, பந்தியில் சாம்பார் வாளி தூக்குவார். மகள் வந்த சந்தோஷத்தில் இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கி வந்தார், கடனுக்கு.

பிப்ரவரி 7, சனி

இன்று சம்பளம். காலை பத்தேகாலுக்கு வார்டில் எல்லோருடைய போனும் ஒன்றன் பின் ஒன்றாகச் சத்தம் போட்டது. பதினோராயிரத்து இருநூறு ஏறியது என்று மெசேஜ். பத்து ஐம்பதுக்கு மறுபடி ஒன்றன் பின் ஒன்றாகச் சத்தம். அது எடுத்த மெசேஜ். சோலையப்பன் அண்ணன் ஏடிஎம் உள்ளே கார்டுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நாங்கள் மாப்பைப் பிடித்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் துடைத்துக்கொண்டிருந்தோம். ஜெபராணியின் போன் மட்டும் இரண்டாவது தடவை சத்தம் போடவில்லை.

மத்தியானம் கடைக்குப் போனேன். அசல் பத்தாயிரம் போக ஆயிரத்து இருநூறு கொடுத்தார். அதை வைத்து மாதம் ஓட்டுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. "வேணும்னா திருப்பி எழுதிக்கங்க தங்கச்சி, நம்ம கடைதானே" என்றார். மறுபடி பத்தாயிரம் எழுதி ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளைகாப்புக்கு முதல் நாள் வாங்கி இன்று கட்டினேன். பதினாறே நாளுக்கு ஆயிரம் ரூபாய். பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவள் நான்.

பிப்ரவரி 12

வினோதினி ஸ்கேனுக்கு வெளியே போக வேண்டும் என்று கார்டைக் கேட்டாள். கார்டு பேங்கில் இருக்கிறது, மாற்றித் தரக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "எத்தன நாள்மா ஆகும்?" என்றாள். பேங்க்காரனைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 16

சோலையப்பன் அண்ணன் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. போனால் டீ வாங்கித் தருவார்.

"தங்கச்சி, உங்க கஷ்டம் தெரியுது. மாசம் ஆயிரம் வட்டின்னா யாருக்குத்தான் வலிக்காது. ஒண்ணு பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க, அந்த மாசம் உங்களுக்கு வட்டி கெடையாது."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, தெரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சோப்பு டப்பாவில் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 19

ஆல்வினுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஜெபராணி வார்டு முழுக்கச் சாக்லேட் கொடுத்தாள். சாப்பிடும்போது சொன்னாள், ரூம் அட்வான்ஸ், ஷூ, பஸ் செலவு எல்லாம் சேர்த்து எட்டாயிரம் வேண்டும். நகைச் சீட்டு விழ இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம்.

அவளாகத்தான் கேட்டாள், "அந்த ஜெராக்ஸ் அண்ணன் குடுப்பாரா?"

பிப்ரவரி 21, சனி

ஜெபராணியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவசரத்துக்கு உதவாத சிநேகிதம் என்ன சிநேகிதம். கார்டைக் கொடுக்கும்போது அவள் கை கொஞ்சம் தயங்கியது. "ஒண்ணும் ஆகாது ராணி, என்னோடதும் இங்கதான் இருக்கு" என்றேன். அப்போதுதான் அவளுக்கு அது தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பிளாஸ்திரியில் எண்ணை எழுதி ஒட்டினாள்.

அவளுக்குச் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். எட்டாயிரம் எழுதி, ஏழாயிரத்து இருநூறு வாங்கினாள். வெளியே வந்ததும் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கித் தந்தாள்.

வட்டிக் கழிவைப் பற்றி அவளிடம் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் நஷ்டம் இல்லையே. நான் கூட்டிப் போகாவிட்டாலும் அவள் போயிருப்பாள்.

மார்ச் 7, சனி

போன் சத்தம் இரண்டு தடவை. ஜெபராணியின் போனும் இரண்டு தடவை. இரண்டாவது சத்தம் வந்தபோது பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த மெசேஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாம எடுக்காமலே எடுத்துருச்சு பாரு" என்றாள்.

எனக்கு இந்த மாதம் வட்டி இல்லை. அசலை அப்படியே திருப்பி எழுதிக்கொண்டு, முழுதாகப் பதினோராயிரத்து இருநூறைக் கையில் வாங்கினேன். இரண்டு மாதமாகப் பார்க்காத தொகை. வினோதினிக்கு நைட்டி இரண்டு, பேரீச்சம்பழம், பழைய பால் பாக்கி. ஜெபராணிக்கு மூவாயிரத்து இருநூறுதான் மிஞ்சியது, மறுபடி எழுதினாள். சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அவள் மீன் குழம்பு இறங்கவில்லை. காரம் ஜாஸ்தி.

மார்ச் 26

கான்ட்ராக்ட் கம்பெனி மாறுகிறதாம். புதுச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். அதே வேலை, அதே மாப்பு, முதுகில் வேறு பெயர்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

நேற்று மதியம் வினோதினிக்கு வலி வந்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. தாயும் பிள்ளையும் நலம்.

ஒன்பது வருடமாக இந்த வார்டில் குழந்தை பிறந்த வீட்டாரிடம் 'டீ காசு' வாங்கியிருக்கிறேன். பொய் எதற்கு. இன்று நான் வெளியே நிற்கிறேன், அடுத்த ஷிப்ட்காரி கைநீட்டுகிறாள். "நம்ம ஆளுங்கறதால நூறு போதும்" என்றாள். கொடுத்தேன். கொடுக்கும்போது எப்படி இருக்கும் என்று இவ்வளவு நாள் தெரியவில்லை.

ஜெபராணி என் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள், நேற்றும் இன்றும். இன்று அவள் சபையில் மூன்று மணி நேர ஆராதனை. வருடத்தில் எதை விட்டாலும் அதை விடமாட்டாள். "போய்ட்டு வா ராணி" என்றேன். "பிள்ளை பெத்தவ பக்கத்துல தாய் இருக்கணும். ஆண்டவரு கோச்சுக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு அழுகை வந்தது. குழந்தையைப் பார்த்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஏப்ரல் 7

சம்பளம் வரவில்லை. பழைய கம்பெனி புதுக் கம்பெனியைக் கை காட்டுகிறது. புதுக் கம்பெனி, 'பேப்பர் போயிருக்கிறது' என்கிறது.

ஏப்ரல் 9

சோலையப்பன் அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டு, வழக்கமான அமைதியோடு சொன்னார். "சம்பளம் லேட்டாகறது உங்க தப்பில்ல. ஆனா என் தப்பும் இல்லியே. ஏழாந்தேதிக்கு மேல நாளைக்கு நூறு."

ஏப்ரல் 13

அறுநூறு. டைரியில் தேதியைப் பார்த்தாலே தொகை தெரிந்துவிடுகிறது.

குழந்தைக்கு மஞ்சள் காமாலை லேசாக இருக்கிறது, வெயில் காட்டச் சொன்னார்கள். வெயிலாவது இலவசம்.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று துணி அடுக்கும் அறையில் ஜெபராணி கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் பேங்குக்குப் போய்க் கார்டு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். பழசு செத்துப்போச்சு. வர்ற வியாழக்கிழம புதுசு வருது, நேர்ல போய் வாங்கிக்கணும். சம்பளம் இன்னும் ஏறலல்ல, அவருக்கு இப்ப தெரியாது. தெரியறப்ப சம்பளம் என் கையில இருக்கும். அசல ஏமாத்த மாட்டேன் தமயந்தி. சீட்டு விழுந்ததும் கொண்டுபோய் அவரு மூஞ்சிக்கு நேரா வச்சிருவேன். இந்த நாளைக்கு நூறு மட்டும் என்னால முடியாது. ஆல்வின் இன்னும் மொதச் சம்பளமே வாங்கல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன். நீயும் போ. நாளைக்கே போ. ரெண்டு பேரும் சேந்து வெளிய வந்துருவோம்."

பயமாக இருக்கிறது. எழுதாத பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அவளுக்குச் சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான். அவள் கார்டு வேலை செய்யவில்லை என்றால் முதலில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார். சம்பந்தி வீட்டார் குழந்தை பார்க்க வந்து போகிற நேரம். இதையெல்லாம் அவள் யோசித்தாளா?

ஏப்ரல் 18

வேலை அதிகம். எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பேத்தியின் பிறப்புச் சான்றிதழுக்கு ஆதார் நகல் வேண்டியிருந்தது. நகலுக்குக் காசு வேண்டாம் என்றார். டீ வந்தது.

என் பாக்கியைப் பற்றிக் கவலையாகக் கேட்டார். சம்பளம் ஏறியதும் அசலை மட்டும் எடுத்துக்கொண்டு, தாமதக் காசைத் தள்ளிவிட்டு, கார்டைக் கையில் கொடுத்துவிடலாம் என்று அவராகத்தான் சொன்னார். பேத்தி பிறந்த வீடு என்பதால். அப்புறம் பொதுவாக வார்டு விஷயம் பேசினோம். யார் யார் எப்படி இருக்கிறார்கள், யாருக்காவது வேறு யோசனை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்.

நான் யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை. வியாழக்கிழமை ஜெபராணிக்கு பேங்கில் ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பேங்கில் எல்லோருக்கும்தான் வேலை இருக்கிறது.

டீயில் சர்க்கரை போடவே இல்லை.

ஏப்ரல் 23, வியாழன்

ஜெபராணி காலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். மதியம் வரவில்லை.

சூப்பர்வைசர் வந்து சொன்னார். பேங்க் வாசலில் சோலையப்பனும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்களாம். உறையோடு கார்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அங்கேயே மிஷினுக்கு அழைத்துப்போய்ப் புது எண்ணைப் போட வைத்தார்களாம். வரிசையில் பென்ஷன் வாங்க நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்களாம். "திருட்டுக் கழுதைன்னு ஒருத்தன் கத்துனான். அந்தம்மா ஒரு வார்த்த பேசல" என்றார். ஏமாற்றப் பார்த்ததற்கு அபராதம் ஐயாயிரமாம்.

எட்டு பிரசவம் இன்று. தரை காயவே இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

சம்பளம் ஏறியது. போன் சத்தம் இரண்டு தடவை.

சோலையப்பன் அண்ணன் வாக்குத் தவறவில்லை. அசல் பத்தாயிரம் எடுத்துக்கொண்டு ஆயிரத்து இருநூறும் கார்டும் கொடுத்தார். பத்திரத்தைக் கண்ணெதிரே கிழித்தார். நாளைக்கு நூறு வீதம் பதினேழு நாளைக்கு ஆயிரத்து எழுநூறு தள்ளுபடி. விடுதலை. எழுதிப் பார்க்கிறேன், அந்த வார்த்தை எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.

வினோதினியிடம் கார்டைக் காட்டினேன். "ஒரு வழியா பேங்க்காரன் குடுத்துட்டானா?" என்று சிரித்தாள்.

ஏப்ரல் 27, திங்கள்

ஜெபராணி வேலைக்கு வந்தாள். நான் வேறு எங்காவது போய்ச் சாப்பிடலாமா என்று பார்த்தேன். கால் பழக்கத்தில் துணி அடுக்கும் அறைக்கே போய்விட்டது. அவள் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். தயிர் சாதம்.

தலையைத் தூக்காமல் கேட்டாள். "உனக்கு எவ்வளவு கழிச்சாரு?"

இல்லை, நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்பது வருடம் ஒரே சமுக்காளம். "ஆயிரத்து எழுநூறு" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அதுதான் என்னைக் கொன்றது.

"பிப்ரவரில என்னக் கூட்டிட்டுப் போனியே, அதுக்கு?"

அது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கு பேங்க் வாசல்ல எல்லாம் முடிஞ்சப்பறம் எனக்கும் சொன்னாரு. அபராதத்த மாசாமாசம் கட்டு, கஷ்டமா இருந்தா ஒரு ஆளக் கூட்டிட்டு வா, வட்டி கெடையாதுன்னு. எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு சிநேகிதி, அவ ஒங்க கடையில இருந்து வெளிய போகப்போறாண்ணேன்னு சொன்னேன்."

"ஆயிரம்" என்றேன். "அதுக்கு ஆயிரம்."

அவள் டப்பாவை மூடினாள். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். சாட்சிக் கையெழுத்து, சம்பந்தி வீடு, பச்சைக் குழந்தை என்று எத்தனையோ வைத்திருந்தேன். எதையும் அவள் கேட்கவில்லை.

நான்தான் சொன்னேன். பேச்சுவாக்கில் இல்லை. சொல்வதற்காகவே போனேன். ஆதார் நகல் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு என் வாளியைத் தூக்கியவளை ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு விற்றேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை, இங்கேயும் எதற்கு நடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

மே 2

அவள் இப்போது வெளியே வேப்பமரத்தடியில் சாப்பிடுகிறாள். வினோதினி கேட்கிறாள், "ராணி அத்தை ஏம்மா பிள்ளயப் பாக்க வரவே இல்ல?" வேலை ஜாஸ்தி என்றேன்.

மே 7, வியாழன்

புதுக் கம்பெனி தேதி தவறாமல் போட்டுவிட்டது. என் போன் இன்று ஒரு தடவைதான் சத்தம் போட்டது. ஜெபராணியின் போன் இரண்டு தடவை. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அவள் கண்ணாடி ஜன்னலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

மத்தியானம் ஏடிஎம்முக்கு நானே போனேன். இரண்டாயிரத்து எழுநூறு எடுத்தேன். பத்து நாளாக யோசித்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்த மாதம் பேத்திக்குத் தொட்டில் வாங்குவதாக இருந்தது. பழைய சேலையிலேயே கிடக்கட்டும்.

வேப்பமரத்தடிக்குப் போய் அவள் முன்னால் நீட்டினேன். வேண்டாம் என்பாள், முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் பொறுக்கிக்கொண்டு வந்திருப்பேன், ஒரு மாதிரி முடிந்துபோயிருக்கும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலில் எச்சில் தொட்டு நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பர்ஸில் வைத்தாள்.

"இது வட்டிக்குச் சரியாப் போச்சு" என்றாள். "அசல் அப்படியே நிக்குது."

நான் கொஞ்சம் தள்ளி, மண்ணில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அவள் எழுந்து போகச் சொல்லவில்லை. பொரியலை எடுத்து நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு மணிக்கு வார்டில் யாரோ வாந்தி எடுத்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் எழுந்து போனோம்.